உதவப் போய் வந்த வினை: ஹியூம், ரூசோ, 1766

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமும் ஜெனீவாவில் பிறந்த தத்துவவாதி ஜான் ஜாக் ரூசோவும் சண்டை போட்டுக்கொண்டது தத்துவத்துக்காக அல்ல. நாகரிகம் மனிதனைத் திருத்தியதா கெடுத்ததா, மதம் எதற்கு, அரசு எதற்கு என்று மோதிக்கொள்ள இருவருக்கும் விஷயம் ஏராளமாக இருந்தது. அதில் ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை. துரத்தப்பட்டு நின்ற ரூசோவுக்கு இங்கிலாந்தில் அடைக்கலம் தேடித் தந்தார் ஹியூம், சண்டை அதில் மூண்டது. ஒரு வண்டி வாடகை, ஒரு கேலிக் கடிதம், ஆண்டுக்கு 100 பவுண்டு உதவித்தொகை, தூக்கத்தில் சொன்னதாகச் சொல்லப்படும் சில வார்த்தைகள், ஒரு மாலையில் ஒருவர் மற்றவரைப் பார்த்த பார்வை. வழக்கில் இருப்பது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு 1766ஆம் ஆண்டின் பிற்பாதி முழுக்கப் பாரிஸும் லண்டனும் கட்சி பிரிந்து பேசின. ஐரோப்பாவின் இரண்டு பெரிய அரசுகள் போர் அறிவித்திருந்தால்கூட இவ்வளவு சத்தம் கிளம்பியிருக்காது என்று பாரிஸில் இருந்த இலக்கியச் செய்தியாளர் கிரிம் எழுதினார்.

வழக்கமாகச் சொல்லப்படும் தீர்ப்பு எளிமையானது. ஹியூம் தங்கமான மனிதர், ரூசோவுக்குப் புத்தி பேதலித்திருந்தது, நன்றி கொன்றார், கதை முடிந்தது. கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் படித்தால் அது அவ்வளவு சுத்தமாகப் பொருந்தி வரவில்லை. ரூசோ எட்டிய முடிவு தவறு, அதில் சந்தேகமே இல்லை. ஹியூம் யாரோடும் கூட்டுச் சேர்ந்து சதி செய்யவில்லை. ஆனால் ரூசோ முறையிட்ட சின்னச் சின்ன விஷயங்களில் பல நடந்தவைதான். ஹியூம் உதவினார், உதவியில் பாதியை ரூசோவின் முதுகுக்குப் பின்னால் செய்தார். யாரை நம்பலாம் என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, மறைவாகச் செய்யும் நன்மையும் மறைவாகச் செய்யும் கெடுதலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

துரத்தப்பட்டவர்

1762இல் ரூசோ ‘சமுதாய ஒப்பந்தம்’, ‘எமீல்’ இரண்டையும் வெளியிட்டார். எமீலில் மதத்தைப் பற்றி வரும் பகுதி போதுமானதாக இருந்தது. ஜூன் 9 அன்று பாரிஸின் உயர் நீதிமன்றம் நூலைக் கண்டித்து ஆசிரியரைக் கைது செய்ய உத்தரவிட்டது. சொந்த ஊரான ஜெனீவா பத்தே நாளில் இரண்டு நூல்களையும் எரித்தது. ரூசோ ஓடினார். பெர்ன் ஆட்சிப் பகுதியில் இருக்க விடவில்லை. பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக்கின் ஆளுகைக்கு உட்பட்ட நொய்ஷாத்தல் பகுதியில், மொத்தியே என்ற மலைக் கிராமத்தில் தஞ்சம் கிடைத்தது. அங்கே ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் கீத் பிரபு, ஸ்காட்லாந்துக்காரர், ஹியூமின் நண்பர். ஹியூம் என்ற பெயர் ரூசோவின் காதில் நல்ல பெயராக விழுந்தது பெரும்பாலும் இவர் வழியாகத்தான்.

மொத்தியே நாட்களில் நடந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1764 இறுதியில் பெயர் போடாத ஒரு துண்டுநூல் வந்தது. ரூசோ தன் குழந்தைகளை அநாதை விடுதியில் விட்டவர் என்று அது அம்பலப்படுத்தியது. செய்தி உண்மை. எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் வொல்தேர். ரூசோவோ ஜெனீவாவைச் சேர்ந்த வெர்ன் என்ற பாதிரியார்தான் எழுதினார் என்று அடித்துச் சொன்னார், கடைசிவரை மாறவில்லை. அடி விழுந்தது நிஜம், அடித்த கை எது என்பதில்தான் அவர் கணக்கு தவறும். பதினைந்து மாதம் கழித்து இங்கிலாந்தில் இதே தவறு இன்னும் பெரிய அளவில் நடக்கப் போகிறது.

1765 செப்டம்பரில் ஓர் இரவு மொத்தியே வீட்டின் மேல் கல்மாரி பொழிந்தது. அங்கிருந்து பியேன் ஏரியிலுள்ள சென் பியேர் தீவுக்குப் போனார். சில வாரங்களில் அங்கிருந்தும் வெளியேறச் சொன்னார்கள். வயது 53. சிறுநீர்க் கோளாறு, அதனால் கால்சட்டை போட முடியாமல் ஆர்மேனிய அங்கியும் உரோமத் தொப்பியும். சுல்தான் என்ற நாய். பல ஆண்டுகளாகக் கூடவே இருந்த தெரேஸ் லெவாசர். எங்கே போவது என்று தெரியாத நிலையில்தான் ஹியூமின் அழைப்பை ஏற்றார்.

ஹியூமின் நிலைமை நேர் எதிர். 1763 முதல் பாரிஸில் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை, 1765இல் அதிகாரபூர்வமான தூதரகச் செயலாளர். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, ‘நல்ல டேவிட்’ என்று பட்டம் வேறு. தூக்கி வைத்தவர்களில் முக்கியமானவர்கள் கணித அறிஞர் தாலம்பேரும் செல்வந்தத் தத்துவவாதி ஹோல்பாக்கும். இருவருமே ரூசோவோடு முறித்துக்கொண்டவர்கள். கிளம்பும் முன் ஹோல்பாக், உங்கள் ஆளை உங்களுக்குத் தெரியாது, பாம்பை மடியில் கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று எச்சரித்ததாகச் சொல்வார்கள். ஹியூம் சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ரூசோவோடு ஆயுள் முழுக்க நட்பாக இருக்க முடியும் என்றே அப்போது அவர் நம்பினார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. 1762 ஜனவரியில் பிரான்ஸின் நூல் தணிக்கை அதிகாரி மால்ஷெர்புக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ தன்னைப் பற்றியே எச்சரித்திருந்தார்: ஒவ்வொரு உபகாரமும் நன்றியைக் கேட்கிறது, நன்றி ஒரு கடமை என்பதாலேயே என் மனம் நன்றி கெட்டதாகிவிடுகிறது. இப்படிப்பட்டவருக்கு வீடு, பணம், அறிமுகம், ஓய்வூதியம் என்று அடுக்கடுக்காக உதவக் கிளம்பினார் ஹியூம்.

பயணமும் லண்டனும்

1766 ஜனவரி 4, பாரிஸிலிருந்து புறப்பாடு. கூட டி லூஸ் என்ற சுவிஸ் நண்பர், நாய் சுல்தான். முதல் இரவு விடுதியில் எல்லோருக்கும் ஒரே அறை. நடு இரவில் ஹியூம் பிரெஞ்சில், “ஜான் ஜாக் ரூசோ என் பிடியில்!” என்று பலமுறை உரக்கச் சொன்னதாக ரூசோ ஆறு மாதம் கழித்து எழுதினார். அப்போது அதை நல்லவிதமாகத்தான் எடுத்துக்கொண்டாராம். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கையில் ஹியூம் கடல் நோயில் சுருண்டு படுத்திருக்க, மாலுமிகளே விறைத்துப்போன குளிரில் ரூசோ இரவு முழுக்கக் கப்பலின் மேல்தளத்தில் இருந்தார், ஒரு தும்மல்கூட இல்லை. தன் உடம்பு நொறுங்கிக் கிடக்கிறது என்று ஓயாமல் சொல்லும் மனிதர் இவர்தான் என்று ஹியூம் வியந்தார்.

லண்டன் அவரை வேடிக்கை பார்த்தது. ஜனவரி 23 அன்று டுரூரி லேன் நாடக அரங்கில் பிரபல நடிகர் காரிக்கின் ஆட்டம். அரசர் மூன்றாம் ஜார்ஜும் அரசியும் வந்திருந்தார்கள். நாயைத் தனியே விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ரூசோ கடைசி நேரத்தில் முரண்டு பிடிக்க, ஹியூம் சமாதானப்படுத்தி இழுத்துக்கொண்டு போனார். அரச தம்பதி மேடையைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தார்கள். அவரோ உற்சாகத்தில் மாடத்தின் விளிம்பைத் தாண்டிச் சாய, கீழே விழுந்துவிடாமல் திருமதி காரிக் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். சுல்தான் சாதாரண நாய்தான், ஆனால் அதற்கே உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று ஹியூம் பாரிஸிலேயே எழுதியிருந்தார். ஹியூமின் கடிதங்களில் இந்த மாதிரி வரிகள் நிறைய. கிண்டல்தான், ஆனால் மனம் நோக எழுதியதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பக்குவம் ரூசோவிடம் எப்போதும் இருந்ததில்லை.

பிப்ரவரியில் தெரேஸ் வந்து சேர்ந்தார். கூட்டி வந்தவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல். வழியில் அவர்களுக்குள் நடந்தது பாஸ்வெலின் நாட்குறிப்பில் இருக்கிறது. ரூசோவுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை, சண்டையிலும் அதற்குப் பங்கில்லை, விட்டுவிடலாம்.

அதே பிப்ரவரியில் ஹியூம் செய்த ஒரு காரியத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம், ரூசோவுக்குத் தெரிந்திருந்தால். உண்மையிலேயே ரூசோ ஏழைதானா, எங்கிருந்தாவது வருமானம் வருகிறதா என்று பாரிஸில் உள்ள நண்பர்கள் மூலம் விசாரிக்கச் சொன்னார். வெறும் ஆர்வம்தான் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். வீட்டுக்கு அழைத்து வந்த விருந்தாளியின் மடிசீலையை அவர் தூங்கும்போது எட்டிப் பார்ப்பதை வேறு எப்படிச் சொல்வது? ரூசோவின் குற்றப்பத்திரிகை எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த ஒன்று அதில் இல்லை. கையில் இருந்திருக்க வேண்டிய ஒரே வலுவான ஆதாரத்தை அவர் கோட்டைவிட்டார்.

மார்ச் 18, லைல் தெரு

கிராமத்தில் தங்க ரூசோவுக்கு இடம் கிடைத்தது. ரிச்சர்ட் டேவன்போர்ட் என்ற செல்வந்தர் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருந்த தன் உட்டன் மாளிகையைக் கொடுத்தார். இலவசமாக வேண்டாம் என்று ரூசோ பிடிவாதமாக நிற்க, ஆண்டுக்கு 30 பவுண்டு வாடகை என்று பேசி முடித்தார்கள். அவ்வளவு தூரம் வண்டிச் செலவு அதிகம். டேவன்போர்ட் ஒரு தந்திரம் செய்தார். அந்தப் பக்கம் காலியாகத் திரும்பும் வண்டி ஒன்று இருக்கிறது, சல்லிசாகப் போகலாம் என்று சொல்லிவிட்டு, உண்மையான வாடகையைத் தானே கொடுக்க ஏற்பாடு செய்தார்.

புறப்படுவதற்கு முந்தின மாலை ரூசோவும் ஹியூமும் லைல் தெருவில், ஹியூமின் அறையில் இருந்தார்கள். ஹியூமின் கூற்றுப்படி நடந்தது இது. வண்டி விஷயத்தில் ஏமாற்று இருக்கிறது என்று ரூசோ மோப்பம் பிடித்துவிட்டார். என்னைக் குழந்தை மாதிரி நடத்துகிறீர்கள், இதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று பாய்ந்தார். ஹியூம் சமாதானம் சொன்னார், பேச்சை மாற்றிப் பார்த்தார், நடக்கவில்லை. ரூசோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து அறைக்குள் நடந்தார். திடீரென்று வந்து ஹியூமின் மடியில் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முத்தமிட்டு, கண்ணீரால் முகத்தை நனைத்து, என் மடத்தனத்தை மன்னிப்பீர்களா என்று கேட்டார். ஹியூமும் அழுதார். என் வாழ்க்கையில் இவ்வளவு நெகிழ்ச்சியான காட்சி வந்ததில்லை என்று ஒரு வாரத்தில் எடின்பரோ நண்பர் ஹியூ பிளேருக்கு எழுதினார்.

ரூசோவின் கூற்றில் வண்டியே இல்லை. அன்று மாலை தான் எழுதிய ஒரு கடிதத்தின் மேல் ஹியூமுக்கு அளவுக்கு மீறிய அக்கறை. அஞ்சலில் சேர்க்க வேலைக்காரர் அதை எடுத்துப் போனதும் ஹியூமும் பின்னாலேயே எழுந்து போனார். சாப்பாட்டுக்குப் பிறகு கணப்படுப்பருகே இருவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கையில், ஹியூமின் கண்கள் தன் மேலேயே நிலைத்திருப்பதைப் பார்த்தார். வறண்ட, எரிக்கிற, ஏளனமான பார்வை. திருப்பிப் பார்த்தார், முடியவில்லை, நடுங்கிவிட்டது. பிறகுதான் குற்ற உணர்ச்சி பொங்கிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாராம். “இல்லை, டேவிட் ஹியூம் துரோகி அல்ல. மனிதர்களிலேயே அவர் சிறந்தவர் இல்லையென்றால் மிகக் கரியவராகத்தான் இருக்க வேண்டும்” என்று விம்மியபோது, ஹியூம் பதிலுக்கு அழவில்லை, கோபப்படவும் இல்லை. முதுகைத் தட்டி, என்ன இது ஐயா, என் அருமை ஐயா, என்ன இது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

யார் சொல்வதை நம்புவது? வண்டி விஷயத்தில் ஹியூமுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது, அதைக் கொடுத்தவர் ரூசோவே. மார்ச் 22 அன்று உட்டனில் இறங்கியதும் ஹியூமுக்கு அவர் எழுதிய அன்பான கடிதத்தில், வண்டி விவகாரம் இன்னும் தீரவில்லை, என்னை ஏமாற்றினார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் அதில் பங்கிருந்தால் இம்மாதிரிச் சின்னத் தந்திரங்களை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறார். ஜூலையில் எழுதிய நீண்ட கடிதத்தில் வண்டி காணாமல் போய், பார்வை வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்காகப் பார்வை முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஹியூமின் முகம் பேர்போனது. அகன்று கொழுத்த முகம், எந்த உணர்ச்சியும் இல்லாத கண்கள் என்று அவரை அறிந்த சார்ல்மான்ட் பிரபு வர்ணித்திருக்கிறார். யோசனையில் ஆழ்ந்தால் எதிரில் இருப்பவர் மேல் அவர் கண் நிலைகுத்தி நிற்கும். சாப்பிட்ட மயக்கத்தில் எங்கோ வெறித்த ஒரு பருத்த ஸ்காட்லாந்துக்காரரை, மூன்று நாடுகளால் துரத்தப்பட்ட ஒருவர் கணப்படுப்பு வெளிச்சத்தில் பார்த்தார்.

பிரஷ்ய மன்னர் எழுதாத கடிதம்

உட்டனுக்குப் போன பிறகு மார்ச் 29 வரைக்கும் ரூசோவின் கடிதங்களில் சிநேகம் குறையவில்லை. முறிவு ஏப்ரல் தொடக்கத்தில், ‘செயின்ட் ஜேம்ஸ் கிரானிக்கிள்’ இதழ் வடிவில் வந்தது. பிரஷ்ய மன்னர் ரூசோவுக்கு எழுதியதாக ஒரு கடிதம் அதில் அச்சாகியிருந்தது. ஊர் ஊராகத் துரத்தப்பட்டீர்கள், சரி, என்னிடம் வாருங்கள், இன்னும் கஷ்டம் வேண்டும் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், நான் அரசன், துன்பப்படுவதில் நீங்கள் பெருமை கொள்வதை நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன் என்ற பாணியில் போகும் கேலி. எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல். டிசம்பரில் பாரிஸில் விளையாட்டாக எழுதியது. அப்போதே வரவேற்பறைகளில் கைமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது.

ரூசோ பத்திரிகைக்கு உடனே மறுப்பு எழுதினார். இது பாரிஸில் புனையப்பட்டது, புனைந்தவனுக்கு இங்கிலாந்தில் கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்பதுதான் என் நெஞ்சைக் கிழிக்கிறது என்றார். புனைந்தவர் தாலம்பேர் என்று முடிவு கட்டினார். பாதிரியார் வெர்ன் விஷயத்தில் நடந்ததே மறுபடியும். கூட்டாளி யார் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

இதில் ஹியூமின் பங்கு என்ன? கடிதத்தை அவர் எழுதவில்லை, அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று உலவுவது அவருக்குத் தெரியும், ரூசோவிடம் நேராக எடுத்துச் சொல்லி ஆற்றவில்லை. இன்னும் சங்கடமான ஒன்று உண்டு. பிரஷ்ய மன்னர் கடிதம் பற்றி நான் அடித்த ஒரே கேலி ஆஸரி பிரபுவின் சாப்பாட்டு மேசையில் அடித்ததுதான் என்று பிப்ரவரியில் பாரிஸுக்கு அவரே எழுதியிருக்கிறார். வால்போலின் வரிகளில் ஒன்று அந்த மேசையில் பிறந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் குடைந்துகொண்டிருக்கிறார்கள். பிறக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தன்னை நம்பி வந்தவரைப் பற்றிய கேலிக்கு மேசையில் உட்கார்ந்து இன்னொரு கேலியைச் சேர்த்தார் என்பது மிஞ்சுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு வரவேற்பறையில் அது ஒன்றுமே இல்லை. ஹியூம் அந்த உலகத்து ஆள். ரூசோ அந்த உலகத்தை விட்டு ஓடியவர்.

ஓய்வூதியம்

ஹியூம் அமைச்சர் கான்வே வழியாக அரசரிடம் பேசி, ரூசோவுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியம் ஏற்பாடு செய்திருந்தார். அரசரின் நிபந்தனை, விஷயம் வெளியே தெரியக்கூடாது. ரூசோவும் முன்பே சம்மதித்திருந்தார். உத்தரவு வரும் சமயத்தில்தான் போலிக் கடிதம் வெளியானது. மே 12 அன்று ரூசோ கான்வேக்கு எழுதினார். மனம் சரியில்லை, இப்போது எதையும் தீர்மானிக்கும் நிலையில் இல்லை, தள்ளிப் போடுங்கள் என்பது சாரம். வாசகம் வளைந்து நெளிந்து போகிறது, நேராக எதுவும் இல்லை.

ஹியூம் இதைப் படித்து, ரகசியமாகக் கொடுப்பதால்தான் ரூசோ மறுக்கிறார் என்று புரிந்துகொண்டார். சரி, வெளிப்படையாகவே கொடுக்கச் சொல்வோம் என்று மீண்டும் அமைச்சர், அரசர் என்று ஓடினார். ரூசோவிடம் இருந்து பதில் இல்லாதபோதும் ஓடினார். ஜூனில், பகிரங்கமாகத் தந்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று எழுதிக் கேட்டார். இந்த இடத்தில்தான் முழு விவகாரமும் தடம் புரண்டது என்பது என் கணிப்பு. ஹியூம் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு மாதமாக மனதுக்குள் நிச்சயம் பண்ணி வைத்திருப்பவரிடம், அதே ஹியூம் வந்து, நீங்கள் என் தயவில் அரசரின் காசு வாங்குவதை ஊரறியச் செய்யட்டுமா என்று கேட்கிறார். பின்னால் இந்தக் கடிதங்களை எல்லாம் படித்த பிரெஞ்சு அரசு அதிகாரி டூர்கோ மட்டும்தான் இதைச் சரியாகப் பிடித்தார். கான்வேக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் சொல்லும் பொருள் இல்லையே, தவறாகப் படித்துவிட்டீர்கள் என்று அவர் ஹியூமுக்கு எழுதினார்.

ஜூன் 23 அன்று ரூசோ வெடித்தார். “நீங்கள் சரியாக மறைந்துகொள்ளவில்லை. உங்களை எனக்குத் தெரியும், அது உங்களுக்கும் தெரியும்” என்றார். அடைக்கலம் தேடித் தருவது போல அழைத்து வந்து, உண்மையில் அவமானப்படுத்தவே அழைத்து வந்தீர்கள் என்றார். இனி கடிதப் போக்குவரத்து வேண்டாம் என்றார். ஹியூம் 26ஆம் தேதி பதில் எழுதினார்: என்னைக் குற்றம் சாட்டியவன் யார், பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு பதிலும் ஒரு அவசரமும்

பதில் ஜூலை 10 தேதியிட்டது. பெரிய தாளில் பொடி எழுத்தில் பதினெட்டுப் பக்கம். ரூசோவின் எழுத்தில் இதற்கு இணையான விசித்திரம் குறைவு. குற்றம் சாட்டியவர் யார் என்கிறீர்களா, உலகத்தில் உங்களுக்கு எதிராக நான் நம்பக்கூடிய ஒரே சாட்சி நீங்கள்தான் என்று தொடங்குகிறார். பிறகு, ஹியூமைப் பற்றிப் படர்க்கையில் பேசுகிறேன், நீங்களே நீதிபதியாக இருந்து தீர்ப்புச் சொல்லுங்கள் என்று ஹியூமுக்கே ஹியூமின் கதையை விவரிக்கிறார். விடுதி இரவு வருகிறது. பார்வை வருகிறது. தன் எதிரியான ஜெனீவா மருத்துவர் திரோன்ஷினின் மகன் ஹியூமோடு ஒரே வீட்டில் குடியிருந்தது வருகிறது. அது உண்மை, தற்செயலும்கூட. வந்த புதிதில் புகழ்ந்த லண்டன் பத்திரிகைகள் சில வாரங்களில் கேலிக்கு மாறியது வருகிறது. அதுவும் உண்மை. ஆனால் அதற்கு ஹியூம் தேவையில்லை, பத்திரிகைகளின் குணம் அது. ஒவ்வொரு தடயமும் தனியாக ஒன்றுமில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார், சேர்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது என்கிறார். சதி செய்கிறவர்கள் முதலில் செய்யும் வேலை சட்டப்படியான ஆதாரம் கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என்று ஆதாரம் இல்லாததையும் ஆதாரமாக்குகிறார். கடைசியில் தடுமாற்றம்: நீங்கள் குற்றமற்றவர் என்றால் நிரூபித்துக் காட்டுங்கள், இல்லையென்றால் என்றென்றைக்குமாக விடை.

இந்தக் கடிதத்தைப் படித்து ரூசோவை வெறும் பைத்தியம் என்று ஒதுக்குவது எளிது. எனக்கு உறைத்தது வேறு. இது எழுதப்படுவதற்கு முன்பே ஹியூம் பாரிஸில் வழக்கை நடத்தி முடித்துவிட்டார். ஜூன் 23 கடிதம் கைக்கு வந்த சில நாளில் ஹோல்பாக்குக்கு எழுதினார், ஜூலை 1 அன்று மறுபடியும். அதே நாள் பிளேருக்கு எழுதியதில், இன்று உலகத்தில் இருப்பவர்களிலேயே ஒப்பில்லாத கயவன், மிகக் கொடியவன் என்கிறார். மார்ச்சில் இதே பிளேருக்கு ரூசோவைப் பற்றி, உடை மட்டுமல்ல, தோலும் உரிக்கப்பட்ட மனிதர் போல எல்லாவற்றையும் உணர்கிறார் என்று எழுதியவர் இவர்தான். அந்த ஒரு வரியில் இருக்கிற புரிதல் ஜூலையில் எங்கே போனது?

தேதிகளைப் பாருங்கள். பாரிஸில் இருந்த ஹியூமின் நண்பர், பொருளியலாளர் ஆடம் ஸ்மித் ஜூலை 6 அன்று ஹியூமுக்கு எழுதுகிறார்: அவன் அயோக்கியன்தான், ஆனால் எதையும் அச்சில் போடாதீர்கள், அதைத்தான் அவன் விரும்புகிறான். அதாவது ரூசோ தன் தரப்பை எழுதி முடிப்பதற்கு நான்கு நாள் முன்பே, பாரிஸில் அச்சுக்குப் போகலாமா கூடாதா என்ற ஆலோசனை நடந்துகொண்டிருக்கிறது. ஹோல்பாக்குக்கு எழுதுவது என்பது ரூசோவின் பரம விரோதிகள் கூடும் வீட்டு வாசலில் ஒலிபெருக்கி வைப்பதற்குச் சமம் என்று ஹியூமுக்குத் தெரியாதா? ரூசோவை முதலில் ஹியூமின் கையில் ஒப்படைக்க முயன்ற பூஃப்ளே சீமாட்டி இதையேதான் கேட்டார். எனக்குச் சொல்லாமல் ஹோல்பாக்குக்கு ஏன் எழுதினீர்கள் என்று கண்டித்தார். கீத் பிரபுவும் வாய் மூடி இருங்கள் என்றார்.

ஹியூம் அஞ்சியது ரூசோவின் பேனாவுக்கு. ரூசோ தன்வரலாறு எழுதுகிறார் என்பது அவருக்குத் தெரியும். என்றைக்காவது அதில் தன் பெயர் துரோகி என்று வந்தால், பதில் சொல்லத் தான் உயிரோடு இருக்க மாட்டோம் என்ற பயம். நியாயமான பயம்தான். ஜூலை 22 அன்று ரூசோவுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் வண்டி இரவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நடந்தது இது, நீங்கள் எழுதியிருப்பது பொய் என்று முடித்துக்கொண்டார்.

அப்புறம் ரூசோவே நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். ஆகஸ்டில் பாரிஸ் புத்தக வியாபாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஹியூமால் இந்தக் கடிதங்களைத் திரிக்காமல் வெளியிட முடியாது என்று சவால் விட்டார். அது ஊர் முழுக்கச் சுற்றியது. அக்டோபரில் ‘ஹியூமுக்கும் ரூசோவுக்கும் எழுந்த தகராறின் சுருக்கமான விவரம்’ என்ற பொருளில் தலைப்பிட்ட சிறுநூல் பாரிஸில் வந்தது. மொழிபெயர்த்தவர் சூவார், பார்த்துத் திருத்தியவர்களில் தாலம்பேரும் ஒருவர். தாலம்பேர் இதில் கை வைத்ததே ரூசோவின் சந்தேகத்துக்குக் கிடைத்த பரிசு. சதி இல்லாத இடத்தில் சதியின் உருவத்தை இவர்களே செய்து கொடுத்தார்கள். நவம்பரில் ஆங்கிலப் பதிப்பு. விடுதி இரவுக்கு அதில் இருக்கும் பதில் மட்டும் எனக்குப் பிடிக்கும்: நான் தூங்கிக்கொண்டிருந்தேனா விழித்திருந்தேனா என்று ரூசோவுக்குத் தெரியவில்லையாம், அதைக் கேட்டபோது தான் விழித்திருந்தது மட்டும் அவருக்கு எப்படித் தெரியும்?

வொல்தேர் தன் பங்குக்கு ஹியூமுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிக் குளிர் காய்ந்தார். ரூசோ அச்சில் ஒரு வரிகூடப் பதில் சொல்லவில்லை. உட்டனில் உட்கார்ந்து தன்வரலாற்றின் முதல் பகுதியை எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு

1767 மார்ச்சில் அதே 100 பவுண்டு ஓய்வூதியத்தை, டேவன்போர்ட் வழியாக வந்தபோது, ரூசோ ஏற்றுக்கொண்டார். ஹியூம் நடுவில் இல்லாததுதான் வித்தியாசம். ஆனால் உட்டனில் தெரேஸுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் சமையற்கட்டில் முட்டிக்கொண்டது, ரூசோவுக்கு அதிலும் லண்டனின் கை தெரிந்தது. மே 1 அன்று பெட்டிகளைக்கூட எடுக்காமல் இருவரும் கிளம்பிவிட்டார்கள். லிங்கன்ஷயரில் ஸ்பால்டிங் என்ற ஊரில் இருந்து, துறைமுகம் வரை எனக்குக் காவலர் துணை வேண்டும் என்று பிரிட்டனின் நீதித்துறைத் தலைவரான லார்ட் சான்சலருக்கே எழுதினார். அஞ்சல் வண்டிக்காரன் துணையே போதும் என்று பதில் வந்தது. டோவரில் இருந்து கான்வேக்கு ஒரு கடிதம்: என்னைப் போக விட்டால் இங்கே நடந்ததைப் பற்றி எழுத மாட்டேன். யாரும் அவரைத் தடுக்கவில்லை. மே மாதத்திலேயே கப்பல் ஏறி, பிரான்ஸில் ரெனு என்ற பொய்ப் பெயரில் கொன்ட்டி இளவரசரின் கோட்டையில் போய் ஒளிந்தார்.

அப்போது ஹியூம் கான்வேயின் துறையிலேயே துணைச் செயலாளர். ரூசோவின் மேல் பழைய கைது உத்தரவு இன்னும் இருக்கிறது, அவரைத் துன்புறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டூர்கோவுக்கு எழுதினார். வழக்கம் போல ரூசோவுக்குத் தெரியாமல். சில மாதம் கழித்து ஸ்மித்துக்கு எழுதும்போது இரக்கம் தீர்ந்துபோய், ரூசோவிடம் கர்வமும் கயமையும் நிறைய உண்டு, பைத்தியம் இருந்தால் அது மிகச் சிறிய பங்குதான் என்கிறார்.

மூலக் கடிதங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்போவதாக ஹியூம் தரப்பு அறிவித்திருந்தது. அருங்காட்சியகம் வேண்டாம் என்றுவிட்டது. அவை ஹியூமின் மற்ற காகிதங்களோடு எடின்பரோவில் தங்கின. 1776இல் இறப்பதற்குச் சில மாதம் முன் ஹியூம் எழுதிய சின்னஞ்சிறு தன்வரலாற்றில் ரூசோவின் பெயரே இல்லை. அவர் அவ்வளவு பயந்த ரூசோவின் தன்வரலாறோ 1765 இறுதியோடு நின்றுவிடுகிறது. பெர்லினுக்குப் போகிறேன் என்று நினைத்துக் கிளம்பியவன் எப்படி இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தேன், பூஃப்ளே சீமாட்டியும் இன்னொரு சீமாட்டியும் என்னை எப்படித் தங்கள் நண்பர் ஹியூமின் கையில் ஒப்படைத்தார்கள் என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன் என்று அதில் எழுதி வைத்தார். அந்த மூன்றாம் பகுதியை அவர் எழுதவே இல்லை.